உறைமோரும் ஊசியும்

பாலை உறையவைக்கத் தெரியாத பெண் நம்மில் உண்டா? தயிருக்குப் புளிப்பைத் தரும் லாக்டிக் அமிலம் நம் ரத்தத்திலும் இருக்கிறது என்றால்தான் ஆச்சரியம்! ஸ்வீடனில் ஷீலே என்ற ரசாயன நிபுணர் 1780-ல் அதைப் புளித்த பாலில் கண்டுபிடித்தார். 1843-ல் ஜெர்மனியில் ஷெரர் என்ற டாக்டர், பிரசவ ஜுரத்தில் மாண்ட இளம் தாய்மார்களின் ரத்தத்தில் அதைக் கண்டார். இப்போது நோயாளி உயிரோடிருக்கும்போதே அளந்து பார்த்துவிடுகிறார்கள். உறுப்புகளுக்குப் பிராணவாயு போதாவிட்டால் இந்த அளவு ஏறுமாம்.

சென்ற மழைக்காலத்தில், மந்தைவெளியில் எங்கள் வீட்டில், என் மாமியாருக்குக் குளிர்ஜுரம் கண்டது. மறுநாள் காலை பேச்சுக் குழறவே, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்து, "லாக்டேட் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா.

என் நாத்தனார் விடுவாளா? "எதிர்வீட்டு மாமாவுக்கு மணிக்கட்டில் அல்லவா எடுத்தார்கள்! இல்லாவிட்டால், சர்க்கரை பார்ப்பதுபோல் விரல் நுனியில் ஒரு சொட்டுப் போதாதா?" என்றாள்.

டாக்டரம்மா பொறுமையாகவே விளக்கினார். மணிக்கட்டில், வைத்தியர்கள் நாடி பார்க்கும் இடத்தில் ஓடுவது தமனி. அதில் எடுப்பதுதான் உரைகல்; ஆனால் வலி அதிகம். முழங்கை மடிப்பில் உள்ளது சிரை. சிரை ரத்தம் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆகவே அதிலேயே 2 மில்லிமோலுக்குக் குறைவென்றால், பெரும்பாலும் தமனியிலும் குறைவுதான். அளவு ஏற ஏற இரண்டுக்கும் வித்தியாசம் விரியலாம். அப்போது சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, தேவையானால் தமனியிலும் எடுப்பார்கள். விரல் நுனியோ, வியர்வை பட்டாலே ஏமாற்றிவிடும். வியர்வையிலும் லாக்டேட் உண்டு! கை சில்லிட்டவர்களிடம் இன்னும் சந்தேகம்.

"எடுத்த ரத்தத்தைத் தாமதிக்காமல் சோதிப்பது ரொம்ப முக்கியம், அம்மா. குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்" என்றார். வெளியே வைத்த தயிர் புளிப்பேறுவதுபோல என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அதற்காகத்தான் ஐஸில் வைப்பதும், ஃப்ளோரைடு சேர்த்த குழாயில் பிடிப்பதும்.

மாமியாருக்கு 4.2 என்று வந்தது. ஸலைனும் கிருமிக்கான மருந்தும் ஏறின. சில மணி நேரம் கழித்து, மறுபடி சிரையிலேயே எடுத்ததில் 2.3. "இறங்குமுகம்தான் நல்ல சகுனம்" என்றார் டாக்டரம்மா.

தெளிந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி சாப்பிட்ட தயிர்சாதத்தால் வந்த வினையோ?"

தயிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சகோதரிகளே! ஜுரத்தோடு பேச்சுத் தடுமாறினால் மட்டும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.