விருப்ப ஒழுங்கு

உயர்தரப் பெறுபேறு வந்து சில வாரங்களில் எங்கள் ஊரில் ஒரு பருவம் தொடங்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலோடு பிள்ளைகளும் வாப்பாமாரும் வீடு தேடி வருவார்கள். நான் பல்கலைக்கழகத்தில் படித்தவனல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற கிராமத்து வாத்தியார். ஆனாலும் அந்தக் கைநூலை வருடாவருடம் வரிக்கு வரி வாசித்து வருகிறேன். அதை வாசித்துச் சொல்ல ஆளில்லாத வீடுகள் ஊரில் இன்னும் உண்டு.

ஒன்பதாம் ஆண்டில் என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளையொன்று ஒரு தடவை வந்தது. உயிரியல் பிரிவில் இரண்டாம் முறை தோற்றியிருந்தாள். அவளுடைய இசட் புள்ளி, அம்பாறை மாவட்டத்தில் மருத்துவத்துக்கு முந்திய வருடம் இருந்த வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே. பல் வைத்தியத்துக்குரியதற்குச் சற்று மேலே. வாப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை.

"பல்லுப் புடுங்கிறதுக்கா சேர் நம்மட புள்ள இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சது? இன்னொருக்கா எடுக்கட்டும். இல்லாட்டி வயல வித்தெண்டாலும் வெளிநாட்டுக்கு அனுப்புவம்."

இந்தக் கேள்வியை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். டொக்டர் கிடைக்காத பிள்ளைக்கு ஆறுதல் பரிசு பல் வைத்தியம் என்பது நமது சமூகத்தின் கணக்கு. ஆனால் வாய்க்குள் இருப்பது பல் மட்டுமல்லவே.

எனது மூத்தம்மா வெற்றிலைத் தட்டம் இல்லாமல் ஒரு நாளும் இருந்தவரல்ல. கடைசிக் காலத்தில் அவருக்கு வாய் திறக்க முடியாமற் போனது. முதலில் இரண்டு விரல் நுழைய இடமிருந்தது. பிறகு ஒரு விரல். பிறகு கஞ்சிக் கரண்டியும் நுழையவில்லை. வயது போன வருத்தம் என்றே எல்லோரும் நினைத்தோம். பாக்கு மெல்லுவதால் கன்னத்தின் உட்தசை நார்போல் இறுகி வரும் நோய் அது. புற்றாக மாறவும் கூடும். மஹரகமைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்கு தனியாகவும் கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிக்கை வெளியிட்டது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றே முன்னிற்கிறது. வெள்ளைப் படலமாக, ஆறாத புண்ணாக அது தொடங்கும்போதே கண்டுபிடிக்கக்கூடியவர் பல் வைத்தியர்தான்.

இதை அந்த வாப்பாவிடம் சொன்னேன். அவர் பேசாமல் இருந்தார். பிள்ளைதான் கேட்டாள்.

"அப்ப சேர், எந்தப் பீடத்த முதல்ல போடுற?"

நல்ல கேள்வி. நெடுங்காலம் இந்த நாட்டில் பல் வைத்தியப் பட்டம் என்றால் பேராதனை மட்டும்தான். இப்போது ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் பீடம் உண்டு. பல் வைத்தியம் கையால் படிக்கும் படிப்பு. எத்தனை நோயாளரைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் என்பதே முதற் கேள்வி. பேராதனைப் பீடத்தோடு ஜப்பானிய உதவியில் எழுந்த தனிப் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள், தமிழ் பேசும் நோயாளரும் வருவார்கள். படிப்பு ஆங்கிலத்தில், வாட்டில் சிங்களம். தமிழ் மொழிமூலத்தில் படித்த பிள்ளைக்கு முதல் வருடம் கரடுமுரடுதான். கல்முனையிலிருந்து கண்டிக்கு பஸ் உண்டு என்பதும் உம்மாவுக்கு ஓர் ஆறுதல். கொழும்பில் நெருங்கிய உறவினர் இருந்தால் ஸ்ரீ ஜயவர்தனபுரவை முன்னே போடுவதிலும் நியாயம் உண்டு.

வெளிநாட்டுக் கதையையும் விரித்துச் சொன்னேன். 1934இல் தொடங்கிய லாகூர் டி மொன்ட்மோரன்சி போன்ற பழைய பல் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு, விளம்பரத்தில் மட்டும் மின்னுகிறவையும் உண்டு. முகவரின் வண்ணத்தாளைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அந்தப் பட்டத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்குமா என்று சபையிடமே கேட்க வேண்டும். திரும்பி வந்த பிறகும் சபையின் பரீட்சையில் தேறினால்தான் இங்கே தொழில் செய்யலாம். வயலை விற்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இன்னொரு பயமும் அவர்களுக்கு இருந்தது. மருத்துவத்தை முதலில் போட்டுக் கிடைக்காவிட்டால் பல் வைத்தியமும் தவறிவிடுமோ என்று. அப்படியல்ல. தெரிவு மேலிருந்து கீழே வரும். புள்ளி போதுமான முதலாவது விருப்பம் கிடைக்கும். அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம். அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. போன வருட வெட்டுப்புள்ளி இந்த வருடத்துக்கு உத்தரவாதமல்ல. ஆகவே தந்திரம் பண்ணத் தேவையில்லை. உண்மையில் எதை விரும்புகிறோமோ அதை அந்த ஒழுங்கிலேயே எழுதினால் போதும். மூன்றாம் தடவை தோற்றும் உரிமை அவளுக்கு உண்டு. அதற்கும் ஒரு வருடம் விலையாகப் போகும்.

அவள் மருத்துவத்துக்குப் பிறகு பேராதனைப் பல் வைத்தியத்தையும், அதற்குப் பிறகு ஸ்ரீ ஜயவர்தனபுரவையும் தன் கையாலேயே பதிந்தாள். கிடைத்தது பேராதனை. வாப்பா வயலை விற்கவில்லை. அந்த வருட வேளாண்மைக் காசில் பிள்ளைக்குச் சூட்கேஸ் வாங்கினார்.

பிள்ளைகளின் பட்டியலைப் பெற்றோரின் கௌரவம் எழுதும் வீடுகளை இன்றும் காண்கிறேன். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டம் சுற்றிவரும் ஊர் எங்களது. அந்த ஊரில் வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்து உள்ளே பார்க்கப் போகும் ஒரு பிள்ளையை எவரும் இரண்டாம் தரம் என்று சொல்லக் கூடாது.