நான் விட்டுவிட்ட பெயர்

'நாயகன்' வெளிவந்து 25 ஆண்டுகள் ஆனபோது, 2012-இல், ஒரு விழா மலருக்கு அந்தப் படத்தைப் பற்றி நீளமாக எழுதினேன். கமல்ஹாசன், மணிரத்னம், இளையராஜா, பி.சி.ஸ்ரீராம், தாராவியைச் சென்னையில் செட் போட்டு எழுப்பிய தோட்டா தரணி என எல்லாரையும் புகழ்ந்திருந்தேன். அதில் நடித்த டெல்லி கணேஷின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பக்கம் போதாமல் விட்டதல்ல. அவர் நினைவுக்கே வரவில்லை.

2024 நவம்பர் 9 அன்று, 80 வயதில் அவர் காலமானார். செய்தி பார்த்தபின், பம்பாயை அடுத்த நெருளில் உள்ள என் வீட்டில் அந்த மலரைத் தேடியெடுத்துப் படித்தேன். கூசியது.

'நாயகன்' படத்தில் இந்தி தெரியாத கமலின் வேலு நாயக்கருக்கு நாக்காக இருந்தவர் அவர் நடித்த ஐயர். பம்பாய்த் தமிழனான எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தாதரில் ரயிலை விட்டு இறங்கியவனுக்கு ரேஷன் கார்டுக்கும் வாடகை அறைக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூட வந்து பேச ஒருவர் வேண்டியிருந்தது. எனக்கும் மாட்டுங்காவில் ஒரு மாமா அப்படிப் பேசினார். வேலை நிலைத்தபின் நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. நடுவில் நிற்பவரை மட்டுமே பார்க்கும் கண் எனக்கு. அது திரையரங்கில் மட்டும் வந்த பழக்கமல்ல.

டெல்லி கணேஷ் வல்லநாட்டில் பிறந்து, பத்தாண்டு விமானப்படையில் இருந்து, டெல்லியில் தமிழ் நாடகம் போட்டு, பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' வழியாகச் சினிமாவுக்கு வந்தவர். நானூறுக்கு மேல் படங்கள். 'சிந்து பைரவி'யில் குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வரும் மிருதங்க வித்வான். 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லன்களில் ஒருவர். 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டு மணி ஐயர். மூன்றிலும் ஒரே ஆள் என்பதே எனக்கு உறைக்காமல் போனது. அவருடைய திறமையே என் அலட்சியத்துக்கு வசதியாகிவிட்டது. 'அந்த ஐயர் மாமா' என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

1979-இல் வந்த 'பசி'யை அழுக்கும் அழுகையுமான படம் என்று இத்தனை காலம் ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் போனபிறகுதான் பார்த்தேன். ரிக்‌ஷாக்காரர் முனியாண்டியாக வருகிறார். அந்தக் குடிசையில் ஐயர் மாமாவின் சாயல் துளியும் கிடையாது. ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்த படம் என்று மட்டும் சொல்லித் திரிந்தவன் நான். அந்தப் பெண்ணுக்கு அப்பனாக நின்றவரைச் சொன்னதில்லை.

'பசி'யைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டு யாரிடமாவது பேசும்போது டெல்லி கணேஷின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.