துணைநாடி

உளவியல் ஆலோசனையாகிய எங்கள் தொழிலுக்கு ஈழத்தில் உளவளத்துணை என்று பெயர். எங்களிடம் வருபவரைத் துணைநாடி என்று சொல்லுகிறோம். அந்தச் சொல்லின் தாத்பரியம் என் மனத்தில் இறங்குவதற்குச் சில வருஷங்கள் சென்றன.

தொழிலில் இறங்கிய புதிதில், மகனைப் பறிகொடுத்த துக்கத்தோடு வந்திருந்த ஓர் அம்மாவிடம், துக்கத்தின் இயல்புகள், உறக்கத்தை மீட்கும் உபாயங்கள் என்று நான் கற்றிருந்தவற்றையெல்லாம் அரை மணி நேரம் மிகுந்த சிரத்தையோடு எடுத்துரைத்தேன். சேலைத் தலைப்பின் நுனியை விரலிற் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்த அவர், எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையசைத்துவிட்டு, எழும்பும் தறுவாயில், "தம்பி, நீங்கள் சொல்லுறதெல்லாம் சரிதான், ஆனா நான் இன்னும் சொல்லத் தொடங்கேல்லையே" என்றார்.

அமெரிக்காவில், ராச்செஸ்டர் நகரில், 1928 முதல் 12 ஆண்டுகள் குழந்தைகளிடையே பணியாற்றிய உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸுக்கும் இத்தகைய ஒரு பாடம் வாய்த்தது. அடங்காத சிறுவன் ஒருவனின் தாயிடம், மகனை அவள் மனத்தால் ஒதுக்கியதே காரணம் என்று பலமுறை நயமாக உணர்த்த முயன்றும் பலிக்காமையால், இனி நிறுத்திவிடலாம் என்று இருவரும் இசைந்தனர். வாசல்வரை சென்ற அவள் திரும்பி நின்று, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டு, மீண்டும் வந்தமர்ந்து, தன் மணவாழ்க்கையின் வேதனையைக் கொட்டினாள். எங்கே நோகிறது என்பதை அறிந்தவர் வந்தவரே என்னும் ரோஜர்ஸின் கொள்கைக்கு அந்தச் சம்பவமும் ஒரு வித்து.

1957-இல் அவர் எழுதிய கட்டுரையில், மனமாற்றத்துக்கு அவசியமானவை என வகுத்த ஆறு நிபந்தனைகளுள் மூன்று எங்களைப் போன்றோரின் சுபாவத்தைப் பற்றியவை: பாவனையற்ற மெய்ம்மை, நிபந்தனையற்ற மதிப்பு, பிறர் உலகத்தை அவர் காண்கிறபடியே கண்டுணரும் பரிவு. இவையே போதும் என்றும் அவர் கருதியதை நான் முற்றிலும் ஏற்பதில்லை; உள்ளம் கடுமையாகச் சிதைந்தவர்க்கு வைத்தியமும் மருந்தும் வேண்டும். ஆயினும் இவையின்றி எந்த முறையும் என் அனுபவத்திற் பலித்ததில்லை. மூன்றனுள் முதலாவதே எனக்குக் கடினம். களைத்த மாலையிற் கேட்பவன்போலத் தலையாட்டினால், எதிரே இருப்பவர் அக்கணமே அறிந்து, பேச்சைக் காலநிலைக்கு மாற்றிவிடுகிறார்.

அந்த அம்மா அடுத்த கிழமையும் வந்தார். இம்முறை நான் பேசவில்லை. சுவர்க்கடிகாரத்தின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நெடுநேரத்தின் பின், மகனின் சட்டையொன்றைத் தோய்க்காமல் அலுமாரியில் வைத்திருப்பதாகவும், இரவில் அதை எடுத்து முகர்ந்து பார்ப்பதாகவும், வீட்டில் எவருக்கும் அது தெரியாதென்றும் சொன்னார். ஏழு மாதங்கள் தொடர்ந்து வந்தார். அச்சட்டையை என்ன செய்யவேண்டும் என்று அவர் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.