சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்

அரூரில் பஸ் ஏறும்போது போனில் சிக்னல் முழுசாக இருக்கும். மலைப்பாதையில் ஒவ்வொரு கோடாகக் குறைந்து, சித்தேரியில் எங்கள் வீட்டுக்கு வரும்போது ஒன்றுகூட மிஞ்சாது. அப்பாவுக்குக் கிண்டில் வாங்கிக் கொடுத்தபோது இதை நான் யோசிக்கவே இல்லை.

அவர் ஓய்வு பெற்ற வாத்தியார். கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறமும் பொடி எழுத்து பிடிபடவில்லை. கிண்டிலில் எழுத்தைப் பெரிசாக்கலாம். அதற்காகத்தான் வாங்கினேன்.

ஒரு 'பொன்னியின் செல்வன்' மலையேற எனக்கு மூன்று பயணம் ஆனது. முதல் தடவை கொண்டுபோன கேபிளில் சார்ஜ் மட்டும்தான் ஏறியது. உள்ளே நாலு கம்பி இருக்க வேண்டும், மலிவு கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். எஞ்சினியரிங் படித்தவன், பார்த்து எடுத்திருக்கலாம். இரண்டாம் தடவை சரியான கேபிள். ஈபப் கோப்பை காப்பி செய்தேன். லேப்டாப்பில் பார்த்தால் கிண்டிலுக்குள் கோப்பு இருக்கிறது, கிண்டிலின் புத்தக வரிசையில் மட்டும் இல்லை. ஈபப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் அமேசான் தன் சர்வரில் மாற்றிக் கொடுக்கும்; கேபிள் வழியாக வந்தால் கிண்டில் அதைச் சீண்டாது. மின்னஞ்சலுக்கு நெட் வேண்டுமே! கையிலிருந்த பிடிஎஃப்பைப் போட்டுக் கொடுத்தேன். எழுத்தைப் பெரிசாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடியது. "பக்கத்தத் தள்ளித் தள்ளிப் படிக்கறதுக்கு புஸ்தகமே தேவலாம்பா," என்றார் அப்பா.

மூன்றாம் தடவை காலிபரோடு போனேன். 2006இல் கோவித் கோயல் என்பவர் ஒரு சோனி ரீடர் வாங்கினார். லினக்ஸ் கணினியோடு அது ஒத்துப்போகவில்லை. கேபிளுக்குள் அந்தக் கருவி என்ன பேசுகிறது என்று தானே துருவிக் கண்டுபிடித்து ஒரு நிரல் எழுதினார். அதுதான் வளர்ந்து காலிபர் ஆனது. ஈபப்பை ஏஇசட்டபிள்யூ3 ஆக மாற்றி அனுப்பினேன், உடனே அட்டை தெரிந்தது. அன்று ராத்திரி அப்பா சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் ஏற்றிவைத்த நூல்கள் இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தன. அவற்றுக்கு இன்றும் சிக்கலில்லை. காசு கொடுத்து வாங்கியவைதான் வம்பு. வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி, கேபிளில் ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26ஆம் தேதி எடுத்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன். அதற்குப் பிறகு வாங்குபவை அவர்கள் சர்வரிலிருந்து வைஃபை வழியாகத்தான் கிண்டிலுக்கு வரும்.

"காசு குடுத்தது நாம, புஸ்தகம் அங்க இருக்குதா?" என்று அப்பா கேட்டார். வாங்கியது புத்தகம் இல்லை, படிப்பதற்கான உரிமம் என்று சொன்னேன். "லைப்ரரிக்காரன்கூட கையில குடுப்பானே," என்றார்.

இப்போது மருந்து வாங்க அரூர் வரும்போதெல்லாம் மஞ்சள் பையில் கிண்டிலும் வருகிறது. போன மாதம் நானும் கூட இருந்தேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் என் போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாவல் இறங்கிக்கொண்டிருந்தது. சித்தேரி வண்டி ஹாரன் அடித்தது.

"எத்தினி பர்சென்ட்டு?" என்றார் அப்பா, டீயை ஆற்றிக்கொண்டே.