நிழலில் ஒரு கொடி

தோட்டக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வெயிலின் கட்சிக்காரர்கள். ரோஜாவுக்கு வெயில் வேண்டும், மல்லிகைக்கு வெயில் வேண்டும், கத்தரிக்கும் வெண்டைக்கும் வெயில் வேண்டும் என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு பெரிய மரம் வைத்திருக்கிறவன் என்ன செய்வது? முதலில் அவனுக்காகப் பரிதாபப்படுவார்கள். பிறகு மரத்தை வெட்டச் சொல்வார்கள்.

என்னிடம் அப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் பழைய வீடு. புறவாசலில் இரண்டு பலா, ஒரு மா, ஒரு நாவல். எல்லாம் அப்பா வைத்தவை. அவற்றின் அடியில் புல்கூட முளைக்காது. ஜூனில் சாரல் தொடங்கினால் வெறும் மண் சேறாகிக் கிணற்றடி வரை ஓடும். பலாவின் வேர்கள் வருஷத்துக்கு வருஷம் வெளியே தெரிந்துகொண்டே வந்தன. அந்த வீட்டில் தனியாக இருக்கும் அக்காவுக்கு வயது எழுபதுக்கு மேல். ஒரு சாரல் நாளில் தண்ணீர் இறைக்கப் போனவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு உறவினர்களின் பேச்சு வலுத்துவிட்டது. மரங்களை விற்றுத் தரை முழுவதும் சிமெண்டு போட்டுவிட வேண்டியதுதான் என்றார்கள். மர வியாபாரி ஒருவர் வந்து பலாவைத் தட்டிப் பார்த்து விலையும் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை வாய் திறக்காமல் இருந்த அக்கா, "கட்டுப் போட்டா எலும்பு கூடிரும். அப்பா வச்ச மரத்தை வெட்டினா கூடுமா, தம்பி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் சொன்னவர் அவளுக்குக் கட்டுப் போட்ட நாட்டு வைத்தியர். அவர் வீட்டு மரத்தடியில் தரையே தெரியாமல் ஒரு பச்சைக் கொடி படர்ந்திருந்தது. வெற்றிலையைச் சிறிதாக்கியது போன்ற இலை. "திப்பிலி ஐயா. நிழல்தான் இதுக்குச் சொர்க்கம்" என்றார்.

நம்மில் பலருக்குத் திப்பிலி என்பது தீபாவளி லேகியத்துக்காகக் கடையில் பொட்டலமாக வாங்கும் கருப்புச் சரக்கு. சுக்கு, மிளகு, திப்பிலி என்று வாய்ப்பாடாகச் சொல்வோம். கொடியைப் பார்த்திருக்க மாட்டோம். மிளகுக்கும் வெற்றிலைக்கும் இது நெருங்கிய உறவு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அஸ்ஸாமிலும் ஈரமான காட்டின் நிழலில் தானாக வளர்வது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஒரு ராத்தல் மிளகு 4 வெள்ளிக்காசு, திப்பிலி 15 வெள்ளிக்காசு என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். அத்தனை விலை போன சரக்கு நம் ஊர் மரநிழலில் விளைவது!

வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திப்பிலியில் ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி. கடையில் விற்பது பெண் கொடியின் காய். ஆகையால் காய்க்கிற கொடியிலிருந்தே துண்டு வெட்ட வேண்டும். ஒரு துண்டுக்கு மூன்று நாலு கணு இருந்தால் போதும். மழை தொடங்கும்போது தொழு உரம் கலந்த மண்ணில் நடவேண்டும். தரையில் ஓடும் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கும்மிருட்டு நிழலில் இலைதான் மிஞ்சும், காய் குறையும். அதனால் பலாவின் தாழ்ந்த கிளைகள் சிலவற்றை மட்டும் கழித்தோம். தண்ணீர் தேங்கக் கூடாது. கோடையில் தண்ணீர் ஊற்றாமலும் இருக்கக் கூடாது. ஒன்று முக்கியம்: இது மிதிபடப் பொறுக்காது. கிணற்றடிக்குப் போக நடுவில் கல் பாவி ஒற்றையடிப் பாதை விட்டோம்.

முதல் சாரலில் அங்கங்கே பச்சைத் திட்டுகள்தான் தெரிந்தன. இரண்டாவது சாரலில் மண் மறைந்துவிட்டது. வேர்களைச் சுற்றிப் பன்னிரண்டு மாதமும் பச்சை. முன்பெல்லாம் உதிர்ந்த சருகைக் கூட்டி எரிப்போம். இப்போது அக்கா விளக்குமாற்றைத் தொடவிடுவதில்லை. சருகு மக்கிக் கொடிக்கு உரமாகிறது. கொடி மரத்தின் வேருக்குப் போர்வையாகிறது. காட்டில் காலம் காலமாக நடக்கிற கொடுக்கல் வாங்கல் இதுதான். அதற்குக் குறுக்கே நிற்காமல் இருந்ததுதான் நாங்கள் செய்த தோட்ட வேலை.

பூத்து இரண்டு மாதத்தில் காய் முற்றுகிறது. கரும்பச்சையாக இருக்கும்போதே அக்கா பறித்து, முறத்தில் பரப்பி, நாலைந்து நாள் வெயிலில் காயவைக்கிறாள். தெருவில் யார் வீட்டில் ரசத்துக்கோ லேகியத்துக்கோ திப்பிலி வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருகிறார்கள்.

"இதை விற்றால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டார் சிமெண்டு போடச் சொன்ன உறவினர் ஒருவர்.

அக்கா கணக்குச் சொல்லவில்லை. நல்ல சாரல் நேரம் அது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்பாதையில் நிதானமாக நடந்து போய், கிணற்றிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது.