ஓவியரின் இடது கை

பக்கவாதம் வந்து சில மாதங்கள் ஆனவரின் கையைப் பார்த்திருப்பீர்கள். மேல்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், முழங்கை மடங்கும், விரல்கள் கட்டைவிரலை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும். வலிந்து பிரித்தால் இன்னும் இறுகும்.

1940-களில் லண்டனில் பெர்ட்டா போபாத்திடம் சிகிச்சைக்கு வந்தது அப்படியொரு வலது கை. அதற்குச் சொந்தக்காரர் சைமன் எல்வெஸ், பிரிட்டிஷ் ராஜ குடும்பத்தினரையே உட்காரவைத்து வரைந்த ஓவியர்.

பெர்ட்டா 1907-இல் பெர்லினில் பிறந்த யூதப் பெண். உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து, நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்தவர். பிசியோதெரபி பட்டயம் வாங்கியதெல்லாம் பிற்பாடு. அதுவும் நல்லதுக்குத்தான். படித்தவர்கள் அன்று செய்துகொண்டிருந்தது என்ன? செயலிழந்த கையை நீவிவிடுவார்கள், இழுத்துவிடுவார்கள், மட்டை வைத்துக் கட்டுவார்கள். பிறகு நல்ல கையால் சமாளிக்கப் பழக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெர்ட்டா விரல்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. உடம்பு இருக்கும் நிலையை மாற்றினால் இறுக்கமும் மாறுகிறது என்று கண்டுகொண்டார். நோயாளியை நேராக உட்காரவைத்து, உடல் எடையைச் செயலிழந்த பக்கத்துக்கு மாற்றி, தோள்பட்டை எலும்பை உள்ளங்கையால் மெல்ல முன்னே கொண்டுவந்தால் முழங்கை தானாக இளகும். அதன்பிறகு விரல்களிடம் போகலாம். நல்ல பக்கத்தை நம்பிப் பிழைக்கக் கற்றுக்கொடுக்காதே, விழுந்த பக்கத்துக்கு வேலை கொடு: இதுவே அவருடைய கட்சி. காரணம் சொல்லும் பொறுப்பைக் கணவர் கரேல் எடுத்துக்கொண்டார். அவர் மருத்துவர். 1951-இல் இருவரும் லண்டனில் தொடங்கிய மையத்திலிருந்து ‘போபாத் முறை’ உலகமெங்கும் போயிற்று.

எல்வெஸ் என்ன ஆனார்? இடது கையால் வரையக் கற்றுக்கொண்டார்! நல்ல கையை நம்பாதே என்ற சித்தாந்தத்துக்குப் பிள்ளையார்சுழி போட்ட நோயாளி, நல்ல கையை நம்பித்தான் மறுபடி தூரிகை பிடித்தார். பிசியோதெரபி வரலாற்றில் இதைவிட ருசியான முரண் கிடையாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. சிகிச்சை தருபவருக்கு வேண்டியது தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒழுங்காகத் திரும்பும் அசைவு. ஓவியருக்கு வேண்டியது படம். வலது கை வந்துசேரும்வரை எந்தத் திரைச்சீலையும் காத்திருக்காது.

விழுந்த பக்கத்துக்கு வேலை கொடுப்பதில் அமெரிக்காவின் எட்வர்ட் டாப் பெர்ட்டாவைவிட இன்னும் ஒரு படி மேலே போனார்: நல்ல கைக்கு உறை மாட்டிவிடு, வேறு வழியில்லாமல் விழுந்த கை வேலை செய்யட்டும். கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் 222 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானபோது பலன் தெரிந்தது. மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது அசைந்தவர்களுக்குத்தான் அந்த வைத்தியம். அடி விழுந்தது போபாத் முறைக்கு. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மற்ற முறைகளைவிட அது உசத்தி என்பதற்கு ஆதாரமில்லை என்று 2009-இல் எழுதிவிட்டார்கள்.

பெர்ட்டாவின் பெருமை இதனால் குறைந்துவிடாது. கைவிட்ட பக்கத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர். கரேல் சொன்ன காரணங்களில் பல காலாவதியாகிவிட்டன. தோளை மதிக்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. உங்கள் வீட்டில் பக்கவாதக்காரர் இருந்தால், தூக்கி உட்காரவைக்கும் அவசரத்தில் விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தசை பிடிக்காத தோள்மூட்டு எளிதில் நழுவும். முதுகுப்பக்கம் கை கொடுத்து எழுப்புங்கள்.