இது முங்காது, தம்பி

நாற்பத்து மூன்றாவது ஓட்டையில் எண்ணிக்கை தவறியது. மறுபடியும் மூக்கிலிருந்து தொடங்கினேன்.

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில், மணலை ஒட்டிக் கான்கிரீட் தாங்கிகள்மேல் நிற்கிறது ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். நீளம் 91.3 மீட்டர். என் தோளில் தொங்கிய குழாயில், வரைபடச் சுருள் வைப்பார்களே அந்தக் குழாயில், அதே கப்பலின் பிளாஸ்டிக் மாதிரியின் மேற்கூடு துண்டில் சுற்றிக் கிடந்தது. 1:144 அளவு, 63 சென்டிமீட்டர். பெட்டியில் வந்த மாதிரி சோப்புக்கட்டிபோல வழவழவென்று இருந்தது. மேனியில் என்னென்ன சேர்க்கலாம் என்று நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளத்தான் ரயிலேறி வந்திருந்தேன்.

சோவியத் நாட்டின் ரீகாவில் 1969 டிசம்பர் 18 அன்று நம் கடற்படையில் சேர்ந்த கப்பல் இது. மேற்கு நாடுகள் ‘பாக்ஸ்ட்ராட்’ என்று பெயரிட்ட வகை. 31 ஆண்டுகள் உழைத்து 2001இல் ஓய்வுபெற்று, அடுத்த ஆண்டே அருங்காட்சியகமாகிவிட்டது. வழிகாட்டிகளும் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்கள்தாம். அவர்களில் ஒருவர் நான் விரல்நீட்டி எண்ணுவதைக் கவனித்துவிட்டு அருகில் வந்தார். தமிழ் மாலுமிகளோடு பழகிக் கற்ற தமிழ் அவருடையது.

“என்ன தம்பி, கணக்கெடுப்பா?”

குழாயைத் திறந்து கூட்டைக் காட்டினேன். கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை வரிசையை நகத்தால் கீறினார். அச்சில் வார்த்தவர்கள் துளைகளை வெறும் பள்ளமாக விட்டிருந்தார்கள்.

“இது முங்காது, தம்பி.”

சிரித்துவிட்டுக் கப்பலின் வாசலுக்குக் கூட்டிப்போனார். பார்வையாளர்களுக்காக வெட்டிய வாசல் அது. உள்ளே கால் வைக்கும்போது இரண்டு சுவர்களைத் தாண்டுகிறோம். வெளியே மெல்லிய தோல். உள்ளே ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும் கனத்த உருளை. மேல்தளத் தகட்டுக்கும் அந்த உருளைக்கும் நடுவிலுள்ள இடம் கடல் தாராளமாக வந்துபோகும் இடம். மூழ்கும்போது ஓட்டைகள் வழியே நீர் நுழையவேண்டும், காற்று வெளியேற வேண்டும். காற்று சிக்கினால் கப்பல் அடம்பிடிக்கும். மேலே வரும்போது அத்தனை நீரும் வழிந்து இறங்கவேண்டும். இல்லாவிட்டால் தலைகனத்துத் தள்ளாடும். எண்ணிக்கையில் நான் மெனக்கெட்ட ஓட்டைகளுக்கு இத்தனை வேலை!

உள்ளே பார்ப்பதற்கு நிறைய உண்டு: முன்னால் ஆறு, பின்னால் நான்கு என டார்பீடோ குழாய்கள், குனிந்து நுழையும் வட்டக் கதவுகள், மனிதன் ஒருக்களித்துப் படுக்கும் படுக்கைகள். என் வேலை வெளியே இருந்தது. சீக்கிரமே இறங்கிவிட்டேன்.

இப்போது பார்த்த பார்வை வேறு. படிக்கட்டில் நிற்கும் ஆட்களும் சட்டத்துக்குள் விழும்படி படமெடுத்தேன். ஐந்தரை அடி மனிதர் என் அளவில் பதினொன்றரை மில்லிமீட்டர், அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஒரு சாண் நீளத் துளை மாதிரியில் ஒன்றரை மில்லிமீட்டர். விரல் அகல வெல்டிங் கோடு அங்கே இரண்டு தலைமுடிக் கனம். அதற்குமேல் போனால் கயிறு ஒட்டியதுபோல ஆகிவிடும்.

வெயில் சாய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. நேர்வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த தோலில், தகட்டைத் தாங்கும் சட்டங்களுக்கு நடுவே லேசான குழிவுகள். டிங்கரிங் பட்டறையில் ஒடுக்கு எடுப்பார்கள்; மாதிரி செய்யும் நாங்கள் உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்து ஒடுக்கு விழவைக்கிறோம். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மட்டும் தெரியவேண்டும். நேராகப் பார்த்தே தெரிந்தால் அதிகம் தேய்த்துவிட்டோம் என்று அர்த்தம்.

எதைச் சேர்க்கக்கூடாது என்றும் குறித்துக்கொண்டேன். நான் நுழைந்த வாசல் கடலில் இருந்த கப்பலுக்குக் கிடையாது. படிக்கட்டும் அப்படியே. அருங்காட்சியகத்தில் பூச்சின்மேல் பூச்சு ஏறி, கூர்மையான விளிம்புகள்கூட மழுங்கிப்போகும். பணியில் இருந்த காலத்துப் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் கத்தியைத் தொடக்கூடாது.

கடைசியாகப் பின்புறம். மூன்று சுழல்விசிறிகள். இதழ்களின் விளிம்பு அவ்வளவு மெல்லிசு. என் பெட்டியில் வந்தவை தோசைக்கல் தடிமன். அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு மெல்லிய பித்தளைத் தகட்டில் வெட்டிக்கொள்வது என்று அங்கேயே முடிவுசெய்தேன்.

வீடு திரும்பியதும் முதலில் ஓட்டைகள். கூட்டின் உட்புறத்தைக் காகிதக் கனத்துக்குச் சுரண்டினேன். அப்போதுதான் விளிம்பு தகடுபோலத் தெரியும். அரை மில்லிமீட்டர் ஊசியால் துளையின் இரு முனைகளிலும் குத்தி, நடுவைக் கத்திநுனியால் இணைத்தேன். இரவுக்குப் பத்துப் பன்னிரண்டுதான் முடிந்தது. வெல்டிங் கோட்டுக்கு, பாகங்களைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் காம்பை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தால் முடிபோல நூல் கிடைக்கும். அதை ஒட்டி, பசையில் இளகியதும் கத்தி முதுகால் மெல்ல அழுத்தவேண்டும். இரண்டு ஒட்டுநாடாக்களுக்கு இடையே பட்டியைத் தடவி நாடாவை உரித்தாலும் கோடு விழும்.

கடைசி ஓட்டை முடிந்த இரவு, வண்ணம் பூசுவதற்கு முன், குளியலறைத் தொட்டியில் கூட்டைக் குப்புற வைத்து அழுத்தினேன். ஓட்டை வரிசை முழுவதும் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. ஒரு இடத்தில் மட்டும் கிளம்பவில்லை. பட்டி அடைத்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊசியை எடுத்தேன்.